ஈயம் வைத்த பிறகு

என் மகள் எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே பிறந்துவிட்டாள். அது ஐப்பசி மாதம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, மழையும் பிடித்திருந்தது. என் மனைவிக்குக் கால் வீங்கியிருந்ததைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிற வீக்கம்தான் என்று நினைத்திருந்தோம். அன்று விடியற்காலையில் தலை வெடிக்கிறது என்றாள். எழுந்து லைட்டைப் போடுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிச் சிவகாசியில் எங்களுக்குத் தெரிந்த சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். தாயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குழந்தையை உடனே வெளியே எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு முன் ஒரு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை.

சிஸ்டர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது அது குழந்தை மாதிரியே இல்லை. சிவந்து, தோல் கண்ணாடி போல, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிற மாதிரி இருந்தது. அழுகைகூட பூனைக்குட்டி முனகுவதுபோல. "பொம்பளப் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

அந்த நர்சிங் ஹோமில் ஒரு வார்மர் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திறந்த தொட்டில் மாதிரி ஒரு தட்டு. அதற்கு மேலே குடை பிடித்ததுபோல ஒரு ஹீட்டர். குழந்தையின் வயிற்றில் பொட்டு வைத்தாற்போல ஒரு சின்ன வில்லையை ஒட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு ஒயர், பக்கத்தில் இருக்கிற பெட்டிக்குப் போகும். குழந்தையின் உடல்சூடு எவ்வளவு என்று அந்த வில்லை பெட்டிக்குச் சொல்லும். சூடு குறைந்தால் பெட்டி ஹீட்டரைப் போடும், கூடினால் அணைக்கும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, உடம்பு குளிர்ந்தால் மூச்சு விடவே மறந்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அந்தக் குடைக்கடியில் அவள் படுத்திருந்தாள். சிவப்பு எழுத்தில் எண் எரிந்துகொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்கப் பயந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு முன்பு பெரிய இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போய் வந்தது. மறுபடி போனது. வந்தபோது டியூப் லைட்டெல்லாம் கண்ணைக் கூசுகிற மாதிரி பளீரென்று எரிந்தன. அப்படியென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் விஸ்வநத்தம் போகிற ரோட்டில் டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருந்தவன். அப்படிக் கரண்ட் ஏறுகிற ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் என் கடை வாசலில் செத்த டி.வி.க்கள் வரிசையாக நிற்கும். நான் பெஞ்சிலிருந்து எழுவதற்குள் உள்ளேயிருந்து கருகல் வாடை வந்துவிட்டது.

பெட்டியில் எண் இல்லை. ஹீட்டர் சிவப்பு மங்கிக்கொண்டே போய்க் கறுத்துவிட்டது.

டாக்டரம்மா ஃபோனை எடுத்தார். பெட்டி விற்ற கம்பெனியின் ஆள் மதுரையில் இருக்கிறார், நாளைக் காலையில்தான் வர முடியும் என்றார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அங்கே பச்சைப் பிள்ளைகள் வார்டில் இடமில்லை. இடம் கிடைத்தாலும் இந்த மழையில், சூடு கொடுக்க வழியில்லாத வண்டியில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் பிள்ளை போய்ச் சேராது என்று அவரே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டுக்கு மேலே ஒரு நூறு வாட்ஸ் பல்பைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். இப்போது கரண்ட் குறைவாக வந்துகொண்டிருந்தது. பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது. அந்தச் சூடு பிள்ளைக்குப் போதாது.

"டாக்டர், நான் திறந்து பாக்குறேன்" என்றேன்.

"இது டி.வி. இல்லப்பா."

"தெரியும் டாக்டர். கரண்ட் ஏறி அடிச்சிருக்கு. கரண்ட் அடிச்சா எது போகும்னு எனக்குத் தெரியும்."

அவர் அணைந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, திற. ஆனா ஒன்னு. நீ சரியாயிருச்சுன்னு சொன்னதும் நான் புள்ளையை அதுல வைக்க மாட்டேன். தண்ணி வச்சு நானே தெர்மாமீட்டரப் போட்டுப் பாப்பேன். எனக்குத் திருப்தியானாத்தான்" என்றார். அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

அதுவரைக்கும் பிள்ளைக்குச் சூடு வேண்டுமே. தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைப்பதுதான் வழக்கம். என் மனைவி நினைவில்லாமல் கிடந்தாள், மறுபடி வலிப்பு வந்துவிடக் கூடாது என்று கைநரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என் சட்டையைக் கழற்றப் போனேன். "நீங்க பெட்டியப் பாப்பீகளா, புள்ளையப் பாப்பீகளா?" என்று சிஸ்டர் கேட்டார். அந்த நேரத்தில்தான் என் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள்.

அவள் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மழை என்று கம்பெனியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அங்கேதான் தகவல் போயிருந்தது, வேலை பார்த்த சேலையோடு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். கல்யாணமாகாத பெண். தலைமுடியிலும் கழுத்திலும் கைமடிப்பிலும் அலுமினியப் பொடி சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. சிஸ்டர் அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நானா? எங் கையப் பாருங்க சிஸ்டர். எம்புட்டுக் கழுவுனாலும் போகாது. கம்பெனி மருந்து. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நெஞ்சுதான வேணும், கையி எதுக்கு? வா, நான் தேச்சு விடுறேன்."

குளியலறையில் தேங்காயெண்ணெயும் சோப்பும் போட்டுச் சிஸ்டர் அவளைத் தேய்த்த சத்தம் வெளியே கேட்டது. எரியுது எரியுது என்றாள். பிறகு ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டில் முடிந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிஸ்டர் பிள்ளையைத் தூக்கி அவள் நெஞ்சில் தவளை மாதிரி படுக்க வைத்து மேலே கம்பளியைச் சுற்றினார். ஆக்சிஜன் குழாய் மட்டும் வெளியே தெரிந்தது. என் கொழுந்தியாள் மூச்சு விடவே பயந்து அசையாமல் இருந்தாள். "நீ நல்லா மூச்சு விடும்மா. நீ விட்டாத்தான் அதுக்கும் ஞாபகம் வரும்" என்றார் சிஸ்டர்.

நான் நர்சிங் ஹோம் வாட்ச்மேனின் சைக்கிளை இரவல் வாங்கி, மழையில் மிதித்துக் கடைக்குப் போய்ச் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தேன். வெளிநோயாளிகளைப் பார்க்கிற அறையில், ஜன்னலோரம் மேஜையைக் காலி செய்து கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தேன். போர்டு உள்ளங்கைகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு இருந்தது. கரண்ட் நுழைகிற இடத்தில் ஃபியூஸ் கறுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலப் பொத்தான் மாதிரி ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. அதிக கரண்ட் வந்தால் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற பார்ட் அது. அதையும் தாண்டி, மின்சாரத்தை ஐந்து வோல்ட்டுக்கு இறக்கித் தருகிற ஐ.சி.யும் போயிருந்தது. இவையெல்லாம் என்னிடம் இருந்தன. பழைய டி.வி. போர்டுகளிலிருந்து கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுப் பார்ட்டுகளை வைத்தேன்.  சால்டரிங் அயர்ன் முனை போர்டில் படுவதற்கு முன்பே துள்ளியது. மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திவைத்து ஈயம் வைத்தேன். நூற்றுக்கணக்கான போர்டுகளில் செய்த வேலைதான். அன்று பார்ட்டுகளின் ஒவ்வொரு கம்பிக்காலையும் பற்றவைத்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டு மறுபடி தொட்டேன். கரண்ட் கொடுத்தேன். எண் எரிந்தது.

"எரியுது டாக்டர்!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா வந்தார். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் தன் தெர்மாமீட்டரையும் பெட்டியின் வில்லையையும் சேர்த்துப் போட்டார். தெர்மாமீட்டர் ஒன்று சொன்னது, பெட்டி அதைவிட இரண்டு டிகிரி கூடச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. எண் ஏறியது, இறங்கியது, சட்டென்று குதித்தது.

சிஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். "மழை நாள்ல அது கொஞ்சம் கூடத்தான் காட்டும் டாக்டர். நாமதான் கூட்டி வச்சுக்கிடுவோமே."

"கூடக் காட்டினா கூட்டி வைக்கலாம். குதிச்சா என்ன செய்ய?" டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். "புள்ள சூடா இருக்குன்னு இது தப்பா நினைச்சா ஹீட்டர அணைச்சிரும். குளிர்ல அங்கனயே போயிரும். குதிக்கிற நம்பர நம்பி நான் வைக்க முடியாதுப்பா."

அவர் சொன்னது சரி. எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. எண்தான் எரிகிறதே, வைத்துத் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போர்டைத் திருப்பினேன்.

அடுத்த அறையில் "ஏ, மூச்சு விடு, மூச்சு விடு" என்று சிஸ்டர் சொல்வது கேட்டது. பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுகிறார் என்று பிறகு தெரிந்தது. சுண்டினால் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி மூச்சு விடுமாம். நான் எழுந்து போகவில்லை. போய்ப் பார்த்தால் என் கை அதற்கப்புறம் எதற்கும் உதவாது.

மழை நாளில் கூடக் காட்டும் என்று சிஸ்டர் சொன்ன வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மழை என்றால் ஈரம். ஈரத்துக்கும் போர்டுக்கும் என்ன சம்பந்தம்? வில்லையின் ஒயர் வந்து சொருகுகிற சாக்கெட்டுக்குக் கீழே பார்த்தேன். யாரோ எப்போதோ அங்கே ரிப்பேர் செய்திருக்கிறார்கள். ஈயத்தைச் சுற்றிக் காபி டிகாஷன் காய்ந்தது மாதிரி பழுப்பாக ஒரு பூச்சு. அங்கங்கே பச்சைக் களிம்பு. ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகப் பேஸ்ட் தடவிப் பற்றவைப்போம். பற்றவைத்த பிறகு அந்தப் பேஸ்ட்டைக் கழுவி எடுத்துவிட வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் வைக்கிற முரட்டுப் பேஸ்ட்டை யாரோ தடவி, கழுவாமல் மூடிவிட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அது காய்ந்த பொருக்காகச் சும்மா கிடக்கும். ஈரம் ஏறினால் அதன் வழியே கரண்ட் கசியும். கசிந்தால் பெட்டிக்குக் குழந்தை உள்ளதைவிடச் சூடாகத் தெரியும். டி.வி.யில் இப்படி ஆனால் படம் கொஞ்சம் ஆடும். ஆடிவிட்டுப் போகட்டும் என்று விடலாம்.

கழுவ வேண்டும். கேட்டதும் சிஸ்டர் ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட்டைக் கொடுத்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பழுப்பு கரைந்து வந்தது. நிம்மதியாக இருந்தது. காய்ந்ததும் பார்த்தால் போர்டு முழுக்க வெள்ளையாக, மாவு தூவினாற்போல ஒரு படலம். பஞ்சின் நூல்கள் ஈயத்தின் முட்களில் மாட்டிக்கொண்டு நின்றன. அந்த ஸ்பிரிட்டில் தோலுக்கு நல்லது என்று எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருப்பார்கள்போல. அழுக்கை எடுப்பதற்குப் பதில் நான் அதைக் கரைத்துப் போர்டு முழுக்கப் பரப்பியிருந்தேன். வில்லையை மாட்டிப் பார்த்தேன். எண் முன்னைவிட மோசமாக ஓடியது.

அப்போது நான் அழுதேன். மேஜை மேல் தலையை வைத்து, சத்தம் வராமல். என் கண்ணீர் போர்டில் விழுந்துவிடப் போகிறதே என்று அதை மட்டும் தள்ளி வைத்தேன்.

பெயிண்ட்டில் கலக்கிற தின்னர் போட்டால் அழுக்குப் போகும். ஆனால் சாக்கெட்டின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். சுத்தமான ஆல்கஹால் வேண்டும், பின்னால் எதையும் விட்டுவிட்டுப் போகாத ஆல்கஹால். என் கடையில் இருந்த பாட்டில் தீர்ந்து மதுரைக்குச் சொல்லிவிட்டிருந்தேன். வேறு எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது, ஐ.பி.ஏ. என்ற பெயர் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஆஃப்செட் பிரஸ்களில் அதைக் கேன் கேனாக வைத்திருப்பார்கள். மிஷினில் பிளேட்டை நனைக்கிற தண்ணீரில் கலப்பதற்காக. அது காலண்டர் சீசன், எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும்.

சைக்கிளை எடுத்தேன். ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன் ஒருவன் பக்கத்துத் தெருப் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருந்தான். தெய்வப் படங்கள் தாள் தாளாக விழுந்துகொண்டிருந்தன. அவன் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டான்.

"ஏலே, என்னலே இது? ஏன் இப்பிடி நடுங்குற?"

"ஐ.பி.ஏ. வேணும்லே. சுத்தமானது. தண்ணி கலக்காதது. எம்மவளுக்கு."

"மவளுக்கா? புள்ள பொறந்துருச்சா? ஐ.பி.ஏ. எதுக்குலே புள்ளைக்கு?"

 "குடுலே" என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. சீல் உடைக்காத கேன் ஒன்றைத் தேடி எடுத்துத் திறந்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பாலிதீன் பையில் சுற்றிக் கொடுத்தான். லோடு ஏற்றுகிற வண்டியில் என்னை உட்கார வைத்து அவனே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தான். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு டூத் பிரஷ் வாங்கிக்கொண்டேன். இறங்கும்போது, "ஒன்னும் ஆகாதுலே" என்றான். 

திரும்பி வந்தபோது என் கொழுந்தியாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மச்சான், புள்ள காலு ஐஸா இருக்கு மச்சான். எஞ் சூடு பத்தலையா? சீக்கிரம் பண்ணுங்க" என்றாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது. அசைந்தால் பிள்ளை நழுவிவிடும் என்று வந்ததிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போர்டைச் சாய்த்துப் பிடித்தேன். பிரஷை ஐ.பி.ஏ.யில் நனைத்து மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். கரைந்த அழுக்கு ஒரே பக்கமாக வழிந்து கீழே வைத்த தட்டில் சொட்டியது. வழிந்ததை மறுபடி தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் பாட்டிலிலிருந்து புதிதாக ஊற்றினேன். அழுக்குத் தண்ணீரில் கழுவினால் அழுக்கு இடம்தான் மாறும், ஸ்பிரிட் போட்டபோது அதைத்தான் பார்த்தேன். முதலில் டீ நிறத்தில் சொட்டியது. பிறகு வெளுத்தது. சாக்கெட்டுக்கு அடியில் பிரஷ் போகவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐ.பி.ஏ.யை உறிஞ்சி அந்தச் சந்துக்குள் பீய்ச்சினேன். உள்ளேயிருந்து மறுபடியும் பழுப்பாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. யார் எவ்வளவு பேஸ்ட்டைத்தான் அப்பியிருந்தார்களோ. தெளிவாகச் சொட்டுகிற வரைக்கும் பீய்ச்சினேன்.

காய்வதற்காக, பிள்ளைக்கென்று கட்டிய அந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவந்து போர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிற வரை கரண்ட் கொடுக்கக் கூடாது. அந்தக் காத்திருப்புத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. கை சும்மா இருந்தது. காது அடுத்த அறையிலேயே இருந்தது.

காய்ந்த போர்டில் ஒரு வெண்மை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. மாட்டினேன். கிண்ணத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரும் பெட்டியும் இப்போது ஏறக்குறைய ஒன்றையே காட்டின. கடவுளே என்று நினைத்த நேரத்தில் எண் குதித்தது. ஒருமுறைதான். கொஞ்சம் கழித்து இன்னொருமுறை.

டாக்டரம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். 

கசிவு போய்விட்டது. இது வேறு. குதிக்கிறது என்றால் எங்கோ ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே வெளிச்சமும் மங்கிக்கொண்டிருந்தது. என் லென்ஸைக் கடையிலேயே விட்டு வந்திருந்தேன். மேஜை மூலையில் டாக்டரம்மா காதுக்குள் பார்க்கிற டார்ச் கிடந்தது, முனையில் லென்ஸும் விளக்கும் உள்ளது. அதை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். அவரே அதன் கூம்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

ஒரு மூலையில் தொடங்கி ஒவ்வொரு ஈயப் பொட்டாகப் பார்த்தேன். நல்ல ஈயம் மழைத்துளி சரிந்து நிற்கிற மாதிரி பளபளவென்று இருக்கும். கெட்டது சாம்பல் பூத்து, உருண்டையாக, ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். நான் வைத்தவற்றில் ஒன்று மங்கலாக இருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அது கரண்ட் வரும் பக்கம், குதிப்புக்குக் காரணம் அதுவல்ல. மேலே மேலே போனேன். வில்லை சாக்கெட்டின் கால்களில் ஒன்றைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லியதாக, ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. விரிசல். ஒயரைச் சொருகிச் சொருகிக் கழற்றியதில் அந்தக் கால் ஆடி ஆடி ஈயம் விட்டிருந்தது. அழுக்கு மூடியிருந்த வரைக்கும் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"டாக்டர், இங்கன பாருங்க" என்றேன். அவர் குனிந்து லென்ஸில் பார்த்தார். "ஆமா. ரிங் மாதிரி இருக்கு" என்றார். அவர் குரலில் அன்று முதன்முறையாக ஒரு உயிர் வந்தது.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்தேன். காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதிதாக ஈயம் வைத்தேன். மங்கலாக இருந்த என்னுடையதையும் மறுபடி வைத்தேன். இந்தத் தடவை அயர்ன் முனை துள்ளவில்லை.  மறுபடி ஐ.பி.ஏ., மறுபடி பிரஷ், மறுபடி பல்பு. மறுபடி லென்ஸ். பக்கத்துக் கால்களுக்கு நடுவே ஈயத் துணுக்கு ஏதும் கிடக்கிறதா, பிரஷ் மயிர் ஏதும் உதிர்ந்திருக்கிறதா என்று சந்து சந்தாகப் பார்த்தேன். அதற்குள் சிஸ்டர் வந்து, "முடிஞ்சிதாண்ணே?" என்றார். "புள்ள நெறம் மாறுது" என்றும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம்.

பெட்டியை மாட்டினோம். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றிக் கட்டி, குழந்தை மாதிரி அதைத் தட்டில் படுக்க வைத்து, அதன் மேல் வில்லையை ஒட்டினார் டாக்டரம்மா. கரண்ட் குறைவாக இருந்தாலும் ஹீட்டர் சிவந்தது. எண் மெல்ல மெல்ல ஏறியது. வைத்த இடத்தில் நின்றது. ஹீட்டர் அணைந்தது. கொஞ்சம் இறங்கியதும் மறுபடி சிவந்தது. அவர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். சாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். குதிக்கவில்லை. கையுறைக்கடியில் தெர்மாமீட்டரைச் செருகிச் செருகிப் பார்த்தார். "போதும் டாக்டர்" என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். அந்த இன்னும் கொஞ்சத்தில் நான் அறைக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் குரல் கேட்டது. "கொண்டு வாங்க."

கொழுந்தியாளின் நெஞ்சிலிருந்து பிள்ளையை எடுத்தபோது, பிள்ளை படுத்திருந்த இடம் மட்டும் அவள் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மரத்து மறுபடி நாற்காலியில் விழுந்தாள். பிள்ளையின் உதடும் காலும் நீலம் பூத்திருந்தன. வில்லையை ஒட்டியதும் எண்ணைப் பார்த்தேன்.  மிகவும் குறைவாக இருந்தது. டாக்டரம்மாவின் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. "மெதுவா ஏறட்டும். வேகமா ஏறக் கூடாது" என்றார். அது மெதுவாகத்தான் ஏறியது. அவ்வளவு மெதுவாக எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை. உள்ளங்காலில்தான் நீலம் கடைசியாக விட்டது.

மறுநாள் கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வந்தார். பெட்டியை யார் திறந்தது என்று கோபப்பட்டார். "நான்தான் திறக்கச் சொன்னேன்" என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். பிள்ளை அதில் படுத்திருந்ததால் அவர் கை வைக்கவில்லை, பிறகு ஒருநாள் வந்து புதுப் போர்டு மாற்றிவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அதோடு எங்கள் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த வாரமே மஞ்சள் காமாலை வந்தது. மதுரையில் இடம் கிடைத்து அங்கே போனோம். அங்கேயும் இரண்டு முறை எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். கண்ணில் குறை இருக்கிறது என்றார்கள். அவள் நடக்கவும் பேசவும் மற்றப் பிள்ளைகளைவிட ரொம்பவே தாமதமானது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். போனாள் என்பதுதான் எங்களுக்குப் பெரிது.

என் மனைவிக்கு நினைவு முழுதாகத் தெளிந்தது பிள்ளை பிறந்த மறுநாள் சாயங்காலம். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. அவள் கையால் முதலில் தடவியது தன் வயிற்றைத்தான். அது காலியாக இருந்ததும் முகம் அப்படியே சுருங்கியது. முந்தைய தடவையும் அவள் இப்படித்தான் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

என் கொழுந்தியாள்தான் கட்டிலில் குனிந்தாள். "இருக்கா அக்கா. உசுரோட இருக்கா. பக்கத்து ரூம்லதான்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாக்கா."

"யாரு பாக்குறாக? யாரு கூட இருக்காக?"

"சிஸ்டர் இருக்காக. நேத்துப் பூராவும் நான் வச்சிருந்தேன்."

"நீயா?" என்றாள் என் மனைவி. தங்கையின் முகத்தையும் கழுத்தையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னைத் தூக்குங்க. நான் போய்ப் பாக்கணும்" என்றாள். எழுந்திருக்கக் கூடாது என்று சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். அவள் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸ் பாட்டிலைச் சிஸ்டர் தூக்கிக்கொண்டு பின்னால் வர, சுவரோரமாக அவளை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு போனோம்.